லேஅவுட் பார்க்கின் பின்மூலையில் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரு தோட்டம்

ஹொரமாவு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் லேஅவுட் பார்க்கின் பின்மூலையில் 30-க்கு 40 அடி சைட் அளவுக்கு இடம் சும்மா கிடக்கிறது. எட்டுக் குடும்பம் சேர்ந்து அதில் நம் ஊர்ச் செடிகளாக வைத்து, தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருகிற மாதிரி செய்ய ஆசை. எதை வைப்பது, எங்கே வாங்குவது? பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் தேனீ கொட்டாதா?"

நான் கிருஷ்ணகிரிக்காரன். பெங்களூர் வந்து இருபது வருடம் ஆகப் போகிறது. ராமமூர்த்தி நகர் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் கூடி இதே மாதிரி ஒரு மூலையை ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறோம். அந்த அனுபவத்தையும், படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒன்று. இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம், எதையும் பிடுங்கவும் வேண்டாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை அந்த மூலையில் போய் உட்காருங்கள். அங்கே ஏற்கெனவே என்ன முளைத்திருக்கிறது, எந்தப் பூவில் எது வந்து உட்காருகிறது என்று பாருங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. ஜேசிபி கூப்பிட்டு மொத்த இடத்தையும் வழித்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். வழித்துக் கொட்டிய குவியலில் தும்பை இருந்தது, நாயுருவி இருந்தது, ஆள் உயர எருக்கு ஒன்று இருந்தது. பிறகு காசு கொடுத்து வாங்கி வைத்த செடிகளில் முதல் வருடம் முழுக்க எதுவும் வரவில்லை. அடுத்த மழைக்கு வேலியோரம் தானாக முளைத்த தும்பையில்தான் எங்கள் தோட்டத்தின் முதல் தேனீயைப் பார்த்தோம். பிடுங்கிய எருக்கை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வருகிறவர்கள் யார் என்று தெரிந்தால்தான் என்ன வைப்பது என்று தெரியும். தேன் சேர்க்கிற தேனீயில் நான்கு வகையை பெங்களூரில் பார்க்கலாம். உயரமான அபார்ட்மெண்ட்டின் சன்ஷேடுக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் ஒரே பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. கன்னடத்தில் ஹெஜ்ஜேனு. சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் அடுக்கடுக்காக அடை கட்டுவது அடுக்குத்தேனீ. செம்பருத்தி வேலிக்குள் ஒரு குச்சியைச் சுற்றிக் கையகலத்துக்கு அடை வைப்பது கொம்புத்தேனீ. நான்காவது, கொசுவைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, சுவர் விரிசலிலும் மீட்டர் பெட்டியிலும் பிசினால் சின்னக் குழாய் போல வாசல் வைத்துக் குடியிருக்கும் கொசுத்தேனீ. அதற்குக் கொட்டும் கொடுக்கே கிடையாது. அது சில நூறு மீட்டருக்கு மேல் தீனி தேடிப் போவதில்லை. உங்கள் பார்க்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஏதாவது பழைய காம்பவுண்டு சுவரில் ஒரு கூடு இருந்தால், நீங்கள் வைக்கப் போகிற 1,200 சதுர அடிதான் அதற்கு முக்கியமான சாப்பாடாக இருக்கும்.

ஆனால் உலகத்தில் உள்ள 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதும் இல்லை, தேன் சேர்ப்பதும் இல்லை. ஒரு பெண் தேனீ, தனக்கென்று ஒரு துளை, அதற்குள் மகரந்த உருண்டை, அதன் மேல் ஒரு முட்டை. அவ்வளவுதான் அதன் குடும்பம். முருங்கைப் பூவில் விமானம் மாதிரி இரைந்துகொண்டு வருகிற கருநீலத் தச்சுத்தேனீ இந்த வகைதான். ரோஜா இலையில் கத்தரித்தாற்போல வட்டம் வட்டமாக வெட்டியிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டைக் கொண்டுபோய் மெத்தை போலச் சுருட்டி அதில் முட்டையிடும். வயிற்றில் நீலக்கோடு போட்ட நீலவரித் தேனீ என்று ஒன்று உண்டு. துளசியில் ஒரு நொடி கூட நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கும்.

இந்த நீலவரித் தேனீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாடியில் தக்காளி, கத்திரி வைத்துப் "பூ வருகிறது, காய் பிடிக்கவில்லை" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய. தக்காளிப் பூவின் மகரந்தப் பை, உப்பு டப்பா மாதிரி. உள்ளே மகரந்தம் நிறைய இருக்கும், வெளியே வர நுனியில் சின்ன வழிதான். கத்திரியும் அப்படியே. குலுக்கினால்தான் கொட்டும். தேன் தருகிற தேனீக்களுக்கு அதைக் குலுக்கத் தெரியாது. நீலவரித் தேனீயும் தச்சுத்தேனீயும் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் "ர்ர்ர்" என்று அதிரவைக்கும். மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். காதைப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சத்தம் கேட்கும், பறக்கிற சத்தத்தைவிடக் கூர்மையாக. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இதைத் தெரிந்துகொண்டு, மின்சார டூத் பிரஷ்ஷை ஓடவிட்டுப் பூக்காம்பில் வைத்துக் காய் பிடிக்க வைத்தார். முறை சரியானதுதான். ஆனால் பார்க்கில் ஆவாரையும் துளசியும் பெருகிய பிறகு அவருக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. ஆவாரம்பூவும் அதே உப்பு டப்பாதான், அதனால் அதற்கு வருகிற தேனீயே உங்கள் கத்திரிக்கும் வரும்.

சரி, நம் ஊர்ச் செடி என்றால் எந்த ஊர்? இதில் நம்மவர்கள் குழம்புகிறார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற மேட்டு நிலம். செம்மண், பாறை, வருடத்துக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மழை, அதுவும் மே முதல் அக்டோபர் வரை பிரிந்து பெய்வது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை கட்டாந்தரை. ஓசூரும் தளியும் தேன்கனிக்கோட்டையும் இதே மேட்டு நிலம்தான். மாநில எல்லைக்கோடு செடிக்குத் தெரியாது. எனவே ஓசூர்ப் பக்கம் ஏரிக்கரையில் தானாக முளைப்பது எதுவோ அது பெங்களூருக்கும் நம் ஊர்ச் செடி. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஆசையாகப் பூவரசு வைக்கிறார்கள். பிழைத்துக்கொள்ளும், ஆனால் அது கடலோரத்து மரம். 1,200 சதுர அடிதான் இருக்கிறது என்றால் அந்த இடத்தை இந்த மண்ணின் செடிக்கே கொடுங்கள் என்பேன்.

பெங்களூரின் பூ மரங்கள் எல்லாம் இந்த ஊருடையவை என்று நினைப்பவர்களும் உண்டு. ஊதாவாகப் பூக்கிற ஜகரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ரோஜா நிறத்தில் தெருவை மூடுகிற டபேபுயா மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். குல்மோகர் மடகாஸ்கர். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கின் பொறுப்பை 1908-ல் ஏற்ற ஜெர்மன்காரர் கிரும்பிகல், வருடம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று பூத்துக்கொண்டே இருக்கிற மாதிரி தெரு மரங்களை யோசித்தவர். அந்த யோசனை அருமையானது. அந்த மரங்களை வெட்டச் சொல்கிற ஆள் நான் இல்லை, அவற்றிலும் மலைத்தேனீ மொய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றின் இலையைத் தின்று வளர்கிற புழுக்கள் இங்கே மிகக் குறைவு. பூ கிடைக்கும், குடும்பம் நடத்த இடம் கிடைக்காது. நாம் கிரும்பிகலின் கணக்கை எடுத்துக்கொண்டு, செடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், தேனீக்குத் தட்டுப்பாடு வருவது நாம் நினைக்கிற வெயில் காலத்தில் இல்லை. பிப்ரவரி முதல் மே வரை மரங்கள் பார்த்துக்கொள்ளும். ஏரிக்கரைகளில் புரசு சிவக்கும், யுகாதியையொட்டிப் புங்கமும் வேம்பும் பூக்கும், நாவல் பூக்கும், சித்திரையில் கொன்றை. அந்த நாட்களில் ஒரு புங்கமரத்தடியில் நின்றால் மரமே ரீங்காரம் இடுகிற மாதிரி இருக்கும். பஞ்சம் வருவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. எங்கும் பச்சைப் பசேலென்று இலை இருக்கும், பூ இருக்காது, மழையில் தேனீ வெளியே வரவும் முடியாது. அந்த மூன்று மாதத்துக்கு உங்கள் மூலையில் பூ இருந்தால் அதுதான் பெரிய உதவி. அதற்கு நொச்சி, ஆவாரை, துளசி, முருங்கை. நொச்சியை வேலி முழுக்க வையுங்கள். குச்சி ஒடித்து ஊன்றினாலே வரும், ஆடு மாடு வாய் வைக்காது, கத்தரிக்கக் கத்தரிக்கப் புதுக்கொழுந்தோடு பூவும் வரும். ஆவாரைக்குத் தண்ணீரே ஊற்றத் தேவையில்லை. அதிகம் ஊற்றினால்தான் கெடும்.

செப்டம்பருக்கு மேல் தும்பையின் காலம். ஒரு முழ உயரச் செடி, வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகப் பூ, ஒவ்வொரு பூவின் அடியிலும் துளி தேன். சின்ன வயதில் நாமே பறித்து உறிஞ்சியிருப்போம். எத்தனை வகைத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அதில் வருகின்றன என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அதோடு கிலுகிலுப்பை. அதன் காய்ந்த தண்டிலிருந்தும் காயிலிருந்தும் நீல வேங்கை போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் ஒருவகைக் கசப்புச் சத்தை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். பெண்ணைக் கவரும் மணத்தை உண்டாக்க அவற்றுக்கு அது வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கூட்டமாகப் போய்த் திரும்புகிற பூச்சிகள் அவை, வழியில் பெங்களூரையும் கடக்கின்றன. அப்புறம் அவரை, மொச்சை, துவரை. இந்த ஊரில் குளிர்காலம் வந்தால் அவரேக்காய் இல்லாத வீடு கிடையாதே. அந்தக் கொடியைப் பார்க் வேலியில் ஏற்றிவிட்டால் தச்சுத்தேனீக்கும் விருந்து, எட்டுக் குடும்பத்துக்கும் குழம்பு. கடைசியாக மார்கழியில் டிசம்பர் பூ. நம் அம்மாக்கள் தலையில் வைத்த அதே ஊதா டிசம்பர் பூ, இந்த மண்ணுக்கு நன்றாக ஒத்துப்போகிற செடி. கூடவே ஆடாதோடை ஒரு புதர்.

ஒன்றொன்றாகத் தனித்தனியே வைக்காதீர்கள். தேனீ ஒரு முறை கூட்டை விட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடிப் போகும். இங்கே ஒரு துளசி, அங்கே ஒரு துளசி என்றால் அதற்கு அலைச்சல். ஒவ்வொரு வகையையும் குறைந்தது ஒரு கட்டில் அகலத்துக்குக் கூட்டமாக வையுங்கள். எட்டுப் பத்து வகை போதும். மரம் என்றால் ஒன்றோ இரண்டோ, வடக்கு ஓரத்தில். தெற்கே வைத்தால் முழு இடத்துக்கும் நிழல் அடித்துப் பூ குறைந்துவிடும். சாலையோரமாக நொச்சி, ஆடாதோடை மாதிரி அடர்த்தியானதை வைத்து உள்பக்கம் பூச்செடிகளை வையுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆய்வாளர்கள் இந்த நகரத்தின் மலைத்தேனீக்களை மூன்று வருடத்துக்கு மேல் கவனித்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். காற்று மாசு கூடின இடங்களில் பூவுக்கு வருகிற தேனீயே குறைவு. அந்த இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரு நாளைக்குள் செத்துப்போயின. அவுட்டர் ரிங் ரோடு தூசி நம் மூக்குக்கு மட்டும் பிரச்சினை இல்லை.

வண்ணத்துப்பூச்சிக்கு வருவோம். இதில்தான் கூட்டுத் தோட்டங்களில் சண்டை வரும். பூவைத் தேடி வருவது பறக்கிற பூச்சி. அது முட்டையிடுவது இலையில், அதுவும் அதன் புழு தின்னக்கூடிய குறிப்பிட்ட சில செடிகளின் இலையில் மட்டும். எருக்கு இலை இல்லாமல் வெந்தய வரியன் என்கிற அந்த ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிக்கு நகரத்தில் பிழைப்பு கஷ்டம். எருக்கம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் தச்சுத்தேனீ. ஆக ஒரே செடி இரண்டு பேருக்கும் வீடு. நாங்கள் பிடுங்கியது அதைத்தான். அதன் பால் கண்ணில் படக் கூடாது, அதனால் பிள்ளைகள் விளையாடும் ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஆனால் வையுங்கள். பூசைக்கென்று வெள்ளெருக்கு கேட்கிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அனுமதி வாங்க அதுவும் உதவும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு சின்னப் புழு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வளர்ந்தால் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டிக் காட்டமான வாசனை விடும். அது கறிவேப்பிலை அழகி. கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு நம் வீட்டு மாடிவரை வருகிற அதே வண்ணத்துப்பூச்சி. முட்டையிலிருந்து பறக்கும்வரை சுமார் ஒரு மாதம். எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டுக்காரர் "இலையெல்லாம் ஓட்டை, மருந்து அடியுங்கள்" என்று கூட்டத்தில் கேட்டார். அவருடைய பேத்தி அந்தப் புழுவை ஒரு கிளையோடு கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, கூட்டுப்புழுவாகி, ஒரு காலையில் சிறகு விரித்து வெளியே வருவதை அவர் கண்ணால் பார்க்க வைத்தாள். அதற்குப் பிறகு ரசத்துக்கு ஒரு செடி, புழுவுக்கு இரண்டு செடி என்று பிரித்துக்கொண்டோம். இதை நீங்கள் முதல் கூட்டத்திலேயே எல்லோரிடமும் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது நல்லது. இலை ஓட்டையாகத்தான் இருக்கும். ஓட்டை இல்லாத இலை என்றால் அங்கே யாருக்கும் சாப்பாடு இல்லை என்று பொருள். எலுமிச்சை, ஈஸ்வரமூலிக் கொடி, கொன்றை, ஆவாரை, ஆமணக்கு இவையும் அதே மாதிரி புழுவுக்கான செடிகள். ஆமணக்கு விதை விஷம், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் காய் பிடிக்கும் முன் கிள்ளிவிடுங்கள், அல்லது அதை விட்டுவிடுங்கள். எது எதன் புழு என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நாள் பன்னேர்கட்டா வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனால் பிறகு அவர்களே காவல்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

வெளிநாட்டுச் செடி எல்லாமே கூடாதா என்று கேட்பீர்கள். உண்ணிச்செடியை மட்டும் கொண்டுவராதீர்கள். அதில் வண்ணத்துப்பூச்சி வரும், உண்மை. அதன் பழத்தைப் பறவை தின்று விதையை எங்கும் போடும், காட்டையே மூடுகிற செடி அது. ஆனால் வெட்டுக்காயப் பூண்டு தானாக முளைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், இருந்தாலும் பூ இல்லாத நாட்களில் சின்னப் பூச்சிகளுக்கு அது கைகொடுக்கிறது. நம் ஊர்ச் செடியிலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். நர்சரியில் அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை என்று இதழ் மேல் இதழாக வைத்துத் தருவார்கள். அழகாக இருக்கும், ஆனால் உள்ளே போகத் தேனீக்கு வழி இருக்காது. ஒற்றை இதழ்ச் செடியாகக் கேட்டு வாங்குங்கள். இட்லிப்பூவும் அப்படியே, குட்டையான ரகத்தைவிட நீளக்காம்புள்ள பழைய சிவப்பு ரகம் நல்லது.

எங்கே வாங்குவது என்றால், புங்கம், நாவல், கொன்றை போன்ற மரக்கன்றுகள் வனத்துறை நர்சரிகளில் மலிவாகக் கிடைக்கும். லால்பாக்கையொட்டி இருக்கிற நர்சரிகளில் இட்லிப்பூ, டிசம்பர் பூ, கறிவேப்பிலை கிடைக்கும். தும்பை, கிலுகிலுப்பை, ஆவாரை இவையெல்லாம் கடையில் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் வாங்கத் தேவையில்லை. ஊருக்குப் போகும்போது ஏரிக்கரையில் காய்ந்த தும்பைத் தலைகளை ஒரு காகிதப் பையில் உதிர்த்துக்கொண்டு வாருங்கள். ஆவாரங்காய் நெற்று ஒரு கைப்பிடி. நொச்சி நாலு குச்சி. எங்கள் தோட்டத்தில் பாதி, பஸ்ஸில் என் மடியில் வந்ததுதான். நர்சரிச் செடியில் ஓர் எச்சரிக்கை. பளபளவென்று ஒரு பூச்சிக்கடி கூட இல்லாமல் இருந்தால் மருந்து அடித்த செடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இமிடாகுளோபிரிட், தையாமீத்தாக்சம் வகை மருந்துகள் வேரில் ஊற்றினால் செடிக்குள் ஏறி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து நிற்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவற்றை வெளிநிலத்தில் பயன்படுத்தத் தடை விதித்ததே தேனீக்களுக்காகத்தான். உங்கள் மூலையில் இந்த மருந்துகள் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கொழுந்தில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட பூச்சிகள் கூடடைந்த பிறகு, சாயங்காலம், பூவில் படாமல் அடிக்க வேண்டும். கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். நாங்கள் ஒரு வருடம் பேசாமல் விட்டு, மறுநாள் காலையில் தும்பைக்கு அடியில் தேனீக்களைக் கூட்டி அள்ள வேண்டியதாயிற்று. கொசு ஒழியத் தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பதுதான் வழி, அதை நாங்களே வாரா வாரம் செய்கிறோம் என்று சொன்ன பிறகு பார்க்கின் அந்த ஓரத்தை விட்டுவிட்டார்கள்.

சாப்பாடு கொடுத்தாயிற்று, இடமும் கொடுக்க வேண்டுமே. தனித்தேனீக்களில் பெரும்பகுதி மண்ணுக்குள் துளை போட்டு வாழ்பவை. பெங்களூர் பார்க்குகளில் இன்று மண்ணே தெரிவதில்லை. எல்லாம் பேவர் கல், மிச்சம் கொரியன் புல். உங்கள் மூலையில் வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத ஒரு மேட்டை, ஒரு பாய் அகலத்துக்கு, மூடாக்கு போடாமல் வெறும் மண்ணாக விடுங்கள். செங்கல் அளவுக்குக் களிமண் கட்டிகள் செய்து காயவைத்து, பென்சில் நுழைகிற துளைகளோடு ஓர் ஓரமாக அடுக்குங்கள். ஒரு பக்கம் அடைத்த மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டி மழை படாத இடத்தில் தொங்கவிடலாம். பட்டுப்போன முருங்கைக் கிளையைத் தச்சுத்தேனீக்கு விடுங்கள். கிலுகிலுப்பையும் துளசியும் காய்ந்துவிட்டால் உடனே வெட்டாமல் இரண்டு மூன்று மாதம் குச்சியோடு நிற்கட்டும். ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுக் கல் மூழ்காத அளவு தண்ணீர், பக்கத்தில் எப்போதும் ஈரமாக ஒரு சாண் மண். ஆண் வண்ணத்துப்பூச்சிகள் உப்புச் சத்துக்காக அந்த ஈரத்தில் வந்து உட்காரும்.

தேன் பெட்டி வைக்கலாமா என்று உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் வேண்டாம். ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கில் தேனீ இருக்கும். 1,200 சதுர அடிப் பூவை அவையே காலி செய்துவிடும், தனித்தேனீக்குப் பட்டினி. தேனீ வளர்க்கவே ஆசை என்றால் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு துறையே இருக்கிறது, அங்கே முறையாகக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். அது வேறு வேலை, இது வேறு வேலை.

இப்போது பிள்ளைகளைக் கொட்டாதா என்பது. பூவில் இருக்கிற தேனீ கொட்ட வருவதில்லை. மிதித்தாலோ கையில் பிடித்து நசுக்கினாலோதான் கொட்டும். புங்கம்பூ உதிர்ந்து கிடக்கிற தரையில் வெறுங்காலோடு ஓட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். பயப்பட வேண்டியது மலைத்தேனீயின் அடைக்கு. அது உங்கள் தோட்டத்தில் கட்டாது, உயரம் தேடும். பக்கத்துக் கட்டடத்தில் கட்டினால் கல் எறியாமல், புகை போடாமல், பட்டாசு வெடிக்காமல் இருந்தால் போதும். கொஞ்ச மாதத்தில் தானாகவே இடம் பெயர்ந்து போய்விடும். இரவில் பால்கனி விளக்குக்கு அவை வரும், விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிடுங்கள். கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் வழித்து உடனே எடுத்துவிட்டு ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறல், முக வீக்கம், அல்லது நிறையக் கொட்டு என்றால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. ஒவ்வாமை உள்ள பிள்ளை யார் என்று எட்டு வீட்டிலும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று அசோசியேஷன் கேட்கும். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கோடையில் எங்கள் பார்க்கின் புல்தரை கருகியது. ஆவாரையும் நொச்சியும் எருக்கும் அசையவில்லை. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை, காய்கறி கழுவின தண்ணீர், ஆர்ஓ கழிவுத் தண்ணீர் கொடுத்தால் போதும். பிறகு அவை தாமே நிற்கும். பார்க் மாநகராட்சி இடம் என்பதால் தோட்டக்கலைப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதைவிட முக்கியம், பார்க்கைக் கூட்டிப் பெருக்குகிற மாலியிடம் முதல் நாளே போய்ப் பேசுவது. அவருக்குச் சொல்லாவிட்டால் களை என்று அவர் வெட்டிவிடுவார், அது அவர் தவறில்லை. எங்கள் மாலி கோலார் பக்கத்துக்காரர், தும்பையைக் கன்னடத்தில் தும்பெ என்று சொல்லிச் சிரித்தார். இன்றைக்கு எந்தச் செடியில் என்ன பூச்சி என்று எங்களைவிட அவர்தான் சரியாகச் சொல்கிறார். கன்னடத்திலும் தமிழிலும் செடியின் பெயரும், "இலையில் புழு இருக்கும், விட்டுவிடுங்கள்" என்றும் எழுதி ஒரு பலகை வையுங்கள்.

மே மாதக் கோடை மழை இரண்டு பெய்த பிறகு குழி எடுத்து எரு போட்டு வையுங்கள். ஜூன் நடுவில் நடுங்கள். முதல் ஆறு மாதம் பெரிதாக ஒன்றும் தெரியாது, யாரும் மனம் தளர வேண்டாம். அடுத்த வருடம் அக்டோபரில் ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணிக்குப் போய், காய்ந்து நிற்கிற துளசிக் குச்சிகளைக் குனிந்து பாருங்கள். நீலவரித் தேனீயின் ஆண்களுக்குக் கூடு கிடையாது. ஏழெட்டு ஒரே குச்சியில் வரிசையாக, வாயால் குச்சியைக் கவ்விக்கொண்டு, காலைத் தொங்கவிட்டபடி தூங்கும். மறுநாள் பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பி வரும். அந்தக் குச்சியில் ஒரு சிவப்புத் துணி கட்டி, அதை யாரும் ஒடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.